பிள்ளையின் முகம் ஏன் நீளுகிறது?



பெரும்போக அறுவடை முடிந்த கையோடு சம்மாந்துறையில் நாங்கள் கூட்டிய கூட்டமொன்றில் விதைநெல், உரம், வங்கிக் கடன் எல்லாம் பேசி முடிந்தது. எல்லோரும் எழும்பிப் போகும்போது ஒரு தாய் மட்டும் தயங்கி நின்றார். பக்கத்தில் பன்னிரண்டு வயது மகன். மெலிந்த நீண்ட முகம், மூடாத உதடுகள், கண்ணுக்குக் கீழே கருமை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவனைக் 'குதிரை' என்று கூப்பிடுகிறார்களாம். தாய் கேட்ட கேள்வி இதுதான்:

"இவன் புறக்கக்குள்ள நாங்க வேற ஆக்கள்ர வளவுக்குள்ள ஒதுங்கி இருந்தம். நாப்பது நாளும் எண்ணெய் வெச்சுத் தலை புடிக்க, மூக்குப் புடிக்க ஆருமில்ல. அதாலதான் முகம் இப்பிடி நீண்டு போச்சோ?"

இன்னொன்றும் சொன்னார். பட்டணத்தில் பல் பார்க்கும் ஓரிடத்தில், உடனே கம்பி போட்டால் முகம் சரிவரும் என்று சொல்லி ஒரு பெருந்தொகை கேட்டிருக்கிறார்கள். கைக்காப்பை ஈடு வைக்க வாப்பா சம்மதித்துவிட்டார். அடுத்த போகத்துக்கு உழவுக்கூலி கொடுக்க அந்த வீட்டில் இருந்த ஒரே ஆதாரம் அந்தக் காப்புத்தான்.

அந்தத் தாய்க்கு அன்று நின்ற நிலையில் கொடுத்த பதில் அரைகுறையானது. பிறகு வைத்தியர்களிடம் கேட்டும் நூல்களைப் பார்த்தும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். 1990இல் வீரமுனையையும் அதைச் சுற்றிய வயல்களையும் விட்டு ஓடியவர்கள், 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபின் கரையோர ஊர்களிலிருந்து சம்மாந்துறைக்குள் தஞ்சம் புகுந்தவர்கள் எனப் பலர் இந்த இதழை வாசிக்கிறார்கள். பிள்ளையின் உடம்பில் எதைக் கண்டாலும் "அந்த நாளில் நாங்கள் கவனிக்காமல் விட்டதால்தான்" என்று தம்மையே குற்றம் சொல்லும் பழக்கம் இவர்களிடம் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். சில விடயங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். இந்த விடயத்தில் பெரும்பாலும் உண்மையில்லை.

தலை முந்தும், முகம் பிந்தும்

பிறந்த பிள்ளையின் முகத்தைக் கவனித்துப் பாருங்கள். பெரிய நெற்றிக்குக் கீழே சின்னதாக ஒரு முகம். மண்டையோட்டுப் பெட்டியோடு ஒப்பிட்டால் அந்த முகத்தின் அளவு எட்டுக்கு ஒன்று. வளர்ந்த மனிதரில் இது ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று ஆகிவிடும். அதாவது பிறந்த பிறகு தலையைவிட முகம்தான் பல மடங்கு வளர வேண்டியிருக்கிறது.

தலை வளர்வது மூளைக்காக. பிறக்கும்போது ஏறத்தாழ 34 சென்றிமீற்றராக இருக்கும் தலைச்சுற்றளவு ஒரு வயதில் 45, 46 ஆகிவிடும். அந்த ஒரு வருடத்தில் கூடும் அளவு பிறகு ஆயுள் முழுவதும் கூடுவதைவிட அதிகம். ஆறு வயதாகும்போது மூளை தன் முழு அளவில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடும். முகத்துக்கு அந்த அவசரம் இல்லை. முதலில் அகலம், அடுத்தது முன்பின்னான ஆழம், கடைசியாக உயரம் என்ற ஒழுங்கில் அது வளர்ந்து முடிகிறது. ஆகவே ஒரு முகம் நீளமா கட்டையா என்பது கடைசியாகத் தீர்மானமாகும் விடயம். பெண்பிள்ளைகளில் பதினாறு, பதினேழு வயது வரையும் ஆண்பிள்ளைகளில் பதினெட்டு, இருபது வரையும் அது போகும்.

தலைக்கும் முகத்துக்கும் நடுவில் ஒரு தளம் இருக்கிறது. மூளை அதன் மேல் இருக்கிறது, முகம் அதன் கீழ் தொங்குகிறது. இதை மண்டையோட்டின் அடித்தளம் என்கிறார்கள். மூக்குத்தண்டு தொடங்கும் இடத்திலிருந்து உள்ளே பின்னோக்கிப் போய், கபச்சுரப்பி அமர்ந்திருக்கும் சேணம் போன்ற குழியைக் கடந்து, அங்கிருந்து கீழே வளைந்து, முண்ணாண் வெளியேறும் பெரிய துளை வரைக்கும் அது செல்கிறது. வெளியிலிருந்து தொட முடியாத இடம். அந்தக் குழியின் இடத்தில் தளம் நேராக இல்லாமல் வளைந்திருக்கும். வளர்ந்தவரில் வளைவின் கோணம் ஏறத்தாழ 130 பாகை. பிறந்த குழந்தையில் இன்னும் விரிந்திருக்கும்.

மண்டையின் மேலோடும் இந்த அடித்தளமும் ஒரே விதமாக வளர்வதில்லை. மேலோடு மெல்லிய படலத்திலிருந்து நேரே எலும்பாகிறது. மூளை தள்ளத் தள்ள அது விரியும். அதனால்தான் குழந்தையின் உச்சிக்குழி ஒன்றரை வயது வரை மெத்தென்றிருக்கிறது. அடித்தளமோ, கை கால் எலும்புகளைப் போல, குருத்தெலும்பிலிருந்து வளர்கிறது. அதன் எலும்புகளுக்கு இடையில் குருத்துப் பொருத்துகள் இருக்கின்றன. முன்பக்கத்துப் பொருத்து ஏழு வயதளவில் வேலையை முடித்துக்கொள்ளும். பின்பக்கத்துப் பொருத்து பெண்பிள்ளைகளில் 12 முதல் 14 வயது வரையும் ஆண்பிள்ளைகளில் அதற்கு இரண்டு வருடம் அளவு பிந்தியும் மூடும்.

இந்த வேறுபாட்டைக் கண்ணால் காண ஒரு சாட்சி உண்டு. குருத்தெலும்பு சரியாக வளராத பிறவிக் குறையால் குட்டையாக இருப்பவர்களைச் சில ஊர்களில் பார்த்திருப்பீர்கள். கை கால் கட்டை, ஆனால் தலை பெரிது. நெற்றி முன்தள்ளி, மூக்கின் வேர் உள்வாங்கியிருக்கும். மேலோடு குருத்தெலும்பை நம்பியிராததால் குறைவின்றி வளர்ந்துவிட்டது. அடித்தளம் வளராததால் அதில் தொங்கும் நடுமுகம் பின்தங்கிவிட்டது.

இப்போது தலை பிடிக்கும் விடயத்துக்கு வருவோம். பிறந்த பிள்ளையை எண்ணெய் பூசிக் குளிப்பாட்டி, தலையை உருட்டிப் பிடித்து, மூக்கை நீவி விடுவது தமிழர் முஸ்லிம்கள் இரு சாராரிடமும் உள்ள வழக்கம். அந்தக் கையின் அழுத்தம் அடித்தளத்தை எட்டுவதேயில்லை. மென்மையாகத் தடவுவதால் பிள்ளைக்குச் சுகம், நித்திரை வரும், அவ்வளவுதான். ஆகவே பிடிக்காமல் விட்டதால் முகம் நீண்டது என்று எந்த உம்மாவும் அம்மாவும் மனம் வருந்த வேண்டியதில்லை. உச்சிக்குழியை அழுத்துவதையும் மூக்கினுள் எண்ணெய் விடுவதையும் மட்டும் கட்டாயம் நிறுத்துங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் பெரும் தீங்கு.

எல்லைக்கல்லும் ஊஞ்சலும்

வளர்ந்துகொண்டே இருக்கும் ஒரு பிள்ளையின் முகத்தில் எது எவ்வளவு நகர்ந்தது என்று எப்படி அளப்பது? இடம்பெயர்ந்து பல வருடத்தின் பின் வயலுக்குத் திரும்பியவர்களுக்கு இந்தச் சிக்கல் விளங்கும். வரம்பு அழிந்திருக்கும், வாய்க்கால் திசை மாறியிருக்கும், வாடி இருந்த இடத்தில் பற்றைக்காடு. அசையாத ஓர் எல்லைக்கல் அகப்பட்டால்தான் மற்றதெல்லாம் அளக்கலாம்.

1931இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் புரோட்பென்ட் என்ற பல் வைத்தியர் பிள்ளையின் தலையை அசையாமல் பிடிக்கும் ஒரு சட்டத்தை அமைத்து, வருடாவருடம் ஒரே நிலையில் பக்கவாட்டு எக்ஸ்றே எடுக்கும் முறையை வெளியிட்டார். அதே வருடம் ஜேர்மனியில் ஹொவ்றாத் என்பவரும் இதைச் செய்தார். அந்தப் படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க அவர்களுக்கும் ஓர் எல்லைக்கல் வேண்டியிருந்தது. அடித்தளத்தின் முன்பகுதிதான் அது. ஏழு வயதுக்குப் பின் அதன் உட்புறம் ஏறக்குறைய அசையாது. அதைப் பொருத்தி வைத்துப் பார்த்தபோது முழு முகமும் அந்தக் கல்லிலிருந்து விலகிக் கீழ்நோக்கியும் முன்நோக்கியும் இறங்கிவருவது தெரிந்தது.

அந்த இறக்கம் எல்லாப் பிள்ளையிலும் ஒரே மாதிரி இல்லை. டென்மார்க்கில் பேராசிரியர் பியோர்க் 1951 முதல் பிள்ளைகளின் தாடை எலும்பில் மிகச் சிறிய உலோக ஊசிகளைப் பதித்து, அவற்றை அடையாளமாகக் கொண்டு வருடக்கணக்கில் எக்ஸ்றே எடுத்தார். கேட்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் தாடை வளரும்போது அது சுழல்கிறது என்பதை உலகுக்குத் தெளிவாகக் காட்டியது அந்த வேலைதான்.

சுழற்சியை விளங்கிக்கொள்ள ஓர் ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள வளை மண்டையோட்டின் அடித்தளம். கீழே உள்ள பலகை கீழ்த்தாடை. முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு. மூக்குத்தண்டிலிருந்து நாடி வரையுள்ளது முன்கயிறு. அதுவே முகத்தின் முன் உயரம். சேணக்குழியிலிருந்து தாடைக் கோணம் வரையுள்ளது பின்கயிறு, முகத்தின் பின் உயரம். வளரும் வயதில் இரண்டு கயிறும் நீள்கின்றன. சமமாக நீண்டால் பலகை மட்டமாக இறங்கும். முன்கயிறு கூடுதலாக நீண்டு பின்கயிறு பின்தங்கினால் பலகையின் முன்னுனி கீழே சாயும். நாடி கீழும் பின்னும் போகும், முகம் நீளமாகும், உதடுகள் சேரச் சிரமப்படும். பின்கயிறு நன்றாக நீண்டால் நாடி முன்னே வரும், முகம் கட்டையாகச் சதுரமாகத் தெரியும்.

பின்கயிற்றில் இரண்டு பங்குகள் உண்டு. ஒன்று கீழ்த்தாடையின் பின்கிளை எலும்பு. மற்றது அடித்தளத்தின் பின்பகுதி. தாடை மூட்டு காதுக்கு முன்னால், அடித்தளத்தைச் சேர்ந்த எலும்பில்தான் மாட்டப்பட்டிருக்கிறது. பின்பக்கப் பொருத்து வளர வளர அந்த மூட்டின் குழியும் கீழும் பின்னும் நகரும். அடித்தளத்தின் வளர்ச்சிக்கும் இளம் வயதினரின் முக உயரத்துக்கும் உள்ள உறவின் முக்கியமான முடிச்சு இதுவே. முன்பகுதி ஏழு வயதில் நின்றுவிடுகிறது, பின்பகுதி பருவ வயது வரை கீழே இறக்கிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் அடித்தளத்தை அளந்து, இந்தப் பிள்ளையின் முகம் நீளும் என்று முன்கூட்டியே சொல்லலாமா? முடியாது. உறவு உண்டு, ஆனால் பலமான உறவு இல்லை. ஒரே கோணமுள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு நீள முகமும் மற்றவருக்குக் கட்டை முகமும் இருக்கலாம். வளை எப்படி இருந்தாலும் கயிறுகளின் நீளம் வேறு பல காரணங்களாலும் மாறுகிறது. அவற்றில் முதலாவது பரம்பரை. வாப்பாவுக்கோ மூத்தம்மாவுக்கோ நீண்ட முகம் இருந்து, பிள்ளை வாயை மூடி மூக்கால் நன்றாகச் சுவாசித்துக்கொண்டிருந்தால், அது நோயல்ல. அது அந்தக் குடும்பத்தின் முகம்.

மண்டையை அளப்பது பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியவில்லை. 1880களில் சுவிற்சர்லாந்திலிருந்து இங்கு வந்த சரசின் உறவினர் இருவர் வேடர்களின் மண்டையோடுகளை அளந்து, 1892, 1893 காலத்தில் பெரிய நூலாக வெளியிட்டார்கள். அக்காலத்து ஐரோப்பிய அறிஞர் பலர் இத்தகைய அளவுகளைக் கொண்டு மனிதக் கூட்டங்களை மேல் கீழ் என்று அடுக்கினார்கள். தலையின் நீள அகலமோ முகத்தின் உயரமோ ஒருவரின் புத்தியையோ குணத்தையோ காட்டாது. 'குதிரை' என்று கூப்பிடும் பிள்ளைகளுக்கு ஆசிரியர்மார் இதைச் சொல்லிக்கொடுத்தால் நல்லது.

கயிற்றை நீளச் செய்வது எது?

பரம்பரையை மாற்ற முடியாது. மாற்றக்கூடியவற்றில் முதலாவது மூக்கு. மூக்கின் பின்னால், தொண்டையின் மேற்பகுதியில் 'அடினோயிட்' என்ற சதை இருக்கிறது. சின்ன வயதில் அது பெருத்து, பருவ வயதில் தானே சுருங்கும். அளவுக்கு மீறிப் பெருத்தாலோ, ஒவ்வாமையால் மூக்கு எப்போதும் அடைத்திருந்தாலோ பிள்ளை வாயால் மூச்செடுக்கும். வாய் திறந்தால் கீழ்த்தாடை தொங்கும். அண்ணத்தைத் தாங்க வேண்டிய நாக்கு கீழே படுக்கும். தலை சற்றுப் பின்னே சாயும். ஒன்றோடொன்று முட்டாத கடைவாய்ப் பற்கள் அளவுக்கு மேல் எழுந்து, கதவுக்கு அடியில் வைத்த ஆப்புப் போலத் தாடையை மூடவிடாமல் செய்யும். முன்கயிறு நீள்வது இப்படித்தான்.

இது வெறும் ஊகமில்லை. 1970களில் அமெரிக்காவில் ஹார்வோல்ட் என்பவர் வளரும் குரங்குகளின் மூக்கை அடைத்துப் பார்த்தார். வாயால் சுவாசிக்கப் பழகிய குரங்குகளின் தாடை இறங்கி முக அமைப்பு மாறியது. 1970இல் சுவீடனின் லிண்டர் அரோன்சன், அடினோயிட் பெருத்த பிள்ளைகளின் முகம் ஒப்பீட்டில் நீண்டும் அண்ணம் ஒடுங்கியும் இருப்பதைக் காட்டினார். அந்தச் சதையை அகற்றி மூக்குச் சுவாசம் திரும்பிய பிள்ளைகளில் நாடி மறுபடி முன்னோக்கி வளரத் தொடங்கியதையும் பிறகு எழுதினார். என்றாலும் வாயால் சுவாசிக்கும் எல்லாப் பிள்ளைக்கும் முகம் நீள்வதில்லை. இதன் அளவைப் பற்றி வைத்தியர்களிடையே இன்றும் வாதம் உண்டு. முகத்துக்காக இல்லாவிட்டாலும் மூக்கைக் கவனிக்கத்தான் வேண்டும். இரவில் பலத்த குறட்டை, இடையிடையே மூச்சு நின்று திடுக்கிடுதல், பகலில் தூக்கம், பாடத்தில் மனம் பதியாமை, வளர்ந்தும் படுக்கையில் சிறுநீர் போதல் ஆகியவை ஒன்றாக இருந்தால் தாமதிக்காதீர்கள். பிள்ளைக்குப் போதிய ஒட்சிசன் கிடைக்காத இரவுகள் அவை.

ஒரே அறையில் அடுப்பும் பாயும் இருக்கும் தற்காலிக வீடுகளில் புகை மூக்குக்குப் பகை. நுளம்புத் திரி, சூடடிக்கும் காலத்துத் தூசு, ஈரச் சுவரின் பூஞ்சணம் எல்லாம் அப்படியே. அடுப்பை ஒரு தாழ்வாரத்துக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். நுளம்புக்கு வலையே நல்லது.

விரல் சூப்புவதும் முக்கியமானது. முகாமிலும் நடுவழியிலும் பயந்த பிள்ளைகள் ஆறு ஏழு வயதிலும் விரலை விடமாட்டார்கள். முன்பற்களுக்கு இடையில் திறப்பு விழ இது ஒரு காரணம். கசப்புத் தடவுவதும் அடிப்பதும் வேண்டாம். பயம் தணிந்தால் விரல் தானே விடும். நிரந்தரப் பற்கள் வருமுன் நின்றுவிட்டால் திறப்புப் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. 1980களின் தொடக்கத்தில் கொருச்சினி என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தியத் தோழர்களோடு சேர்ந்து பஞ்சாபில் சண்டிகார் நகரத்து இளைஞரையும் சுற்றுக் கிராமத்து இளைஞரையும் ஒப்பிட்டார். ஒரே மக்கள், ஒரே பரம்பரை. ஆனால் கடினமான உணவைச் சவைத்து வளர்ந்த கிராமத்துப் பிள்ளைகளின் பற்கள் நகரத்தாரைவிட ஒழுங்காகச் சேர்ந்திருந்தன. எங்கள் பிள்ளைகள் நிவாரணப் பிஸ்கட்டிலும் தேநீரில் தோய்த்த பாணிலும் வளர்ந்த காலம் ஒன்று இருந்தது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அவித்த சோளன், வறுத்த கச்சான், தேங்காய்ச் சொட்டு, கரும்பு எதையாவது சவைக்கக் கொடுங்கள். அதைவிடச் சிறு பிள்ளைகளுக்குக் கச்சான் தொண்டையில் சிக்கும், கொடுக்க வேண்டாம். இவற்றால் நீண்ட முகம் கட்டையாகிவிடாது. தாடைத் தசை பலமாகும், பற்களுக்கு இடம் கிடைக்க உதவும்.

ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் நிரந்தரப் பல். விழும் பல் என்று எண்ணிப் பழுதாக விட்டுவிடுகிறார்கள். பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்தில் இதைக் காட்டுங்கள், காசு வேண்டாம்.

எப்போது, யாரிடம்?

முகத்தின் உயரம் கூடும் வேகம் உடல் உயரம் கூடும் வேகத்தோடு சேர்ந்தே போகிறது. பெண்பிள்ளைகளில் பன்னிரண்டு வயதையொட்டியும் ஆண்பிள்ளைகளில் பதினான்கையொட்டியும் பாய்ச்சல் வரும். போசாக்குக் குறைந்த பிள்ளைகளில் இது பிந்தலாம். பிந்தினால் வளரும் காலமும் பின்னே நீளும். ஆகையால் வயதை மட்டும் பார்க்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கதவு நிலையில் பிள்ளையின் உயரத்தைக் கோடிட்டுத் திகதி போடுங்கள். வைத்தியருக்கு அந்தக் கோடுகள் பெரிய உதவி. கிளினிக்கில் தந்த சுகாதார வளர்ச்சிப் பதிவேடு கடலோடோ நெருப்போடோ போயிருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லிப் புதிதாக எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

கம்பி தேவைப்படும் பிள்ளைகளும் உண்டு. தாடையின் திசையைத் திருப்பும் சிகிச்சை பெரும்பாலும் அந்தப் பாய்ச்சல் காலத்தில்தான் பலன் தரும். சத்திரசிகிச்சை வேண்டிய சிலருக்கு வளர்ச்சி முடியும்வரை காத்திருக்க வேண்டும். மூக்கு அடைத்திருக்கக் கம்பி மட்டும் போடுவது வாய்க்காலில் உடைப்பிருக்க வயலுக்குத் தண்ணீர் கட்டுவது போல. முதலில் ஆதார வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக். அதன்பின் பல் ஒழுங்கமைப்பு நிபுணர். பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை உட்பட அரச நிலையங்களில் இந்நிபுணர்கள் இருக்கிறார்கள். காத்திருப்போர் பட்டியல் நீளம் என்பதால் பெயரை நேரத்தோடு பதிந்து வையுங்கள்.

அந்தத் தாய் மகனைக் கிளினிக்குக் கூட்டிப் போனார். மூக்கின் பின்னால் சதை பெருத்து வழியை முக்கால்வாசி அடைத்திருந்ததாம். சத்திரசிகிச்சை அரச வைத்தியசாலையில் நடந்தது. ஆறு மாதம் கழித்து வீட்டுக்குப் போனோம். குறட்டை நின்றுவிட்டது, பையன் இரவில் உதட்டை மூடித் தூங்குகிறான். முகம் நீளம்தான், வாப்பாவின் முகமும் அதே நீளம். கதவு நிலையில் இரண்டு பென்சில் கோடுகள் இருந்தன. பல் நிபுணரிடம் போக இன்னும் ஐந்து மாதத்தின் பின் ஒரு திகதி கொடுத்திருக்கிறார்கள். தேநீர் தர நீட்டிய தாயின் கையில் காப்பு இருந்தது.